பட்டியலில் இல்லாத பெயர்

மழை நாள்களில் வானொலி நிலையத்தில் எங்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் பாட்டைக் குறைத்துவிட்டு, திடீர் வெள்ளம் ஏற்படக்கூடிய இடங்களின் பெயர்களை வாசிக்க வேண்டும். பொதுப் பயனீட்டுக் கழகத்திலிருந்து வரும் பட்டியல் அது. “அடுத்த ஒரு மணி நேரத்திற்கு இந்த இடங்களைத் தவிர்த்திடுங்கள்” என்று சொல்லி முடித்ததும் மறுபடியும் பாட்டு. பல ஆண்டுகளாக வாசிக்கிறேன். அந்தப் பெயர்களைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

வடகிழக்குப் பருவமழை கொட்டிய ஒரு மாலையில், புக்கிட் தீமா பக்கத்துச் சாலைகளின் பெயர்களை வாசித்து முடித்த சில நிமிடங்களில் ஒரு நேயர் அழைத்தார். எழுபதைத் தொட்டிருக்கும் குரல்.

“தம்பி, நீங்க சொன்ன இடமெல்லாம் எங்க காலத்துலயும் தண்ணி நின்ன இடந்தான். ஆனா ஒரு பேரு மட்டும் இப்ப வர்றதே இல்ல, கவனிச்சீங்களா?”

“எந்தப் பேரும்மா?”

“பொத்தோங் பாசிர். அப்பல்லாம் மழைன்னா முதல்ல அந்தப் பேருதான் வரும். நாங்க அங்கதான் இருந்தோம். அப்பாவுக்கு மாடுங்க இருந்துச்சு. எழுபத்தெட்டு வெள்ளத்துல பாதி மாடு போச்சு. இப்ப அங்க தண்ணியே நிக்கிறதில்லையாம். அவ்வளவு தண்ணியும் எங்க போச்சு தம்பி?”

எனக்குப் பதில் தெரியவில்லை. நேரலையில் பதில் தெரியாவிட்டால் செய்வதைத்தான் செய்தேன். நல்ல கேள்வி என்று சொல்லி அடுத்த பாட்டைப் போட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு காலாங் ஆற்றங்கரையில் நடக்கக் கிளம்பினேன். பொத்தோங் பாசிரைத் தொட்டு ஓடும் ஆறு அதுதான்.

தொடங்கும் இடம்

சிங்கப்பூரின் ஆக நீளமான ஆறு காலாங். நீளம் சுமார் 10 கிலோமீட்டர். லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தொடங்கி அங் மோ கியோ, பீஷான், தோ பாயோ, பொத்தோங் பாசிர் வழியாக வந்து காலாங் வடிநிலத்தில் கலக்கிறது. கரையோரமாகவே பெரும்பகுதியை நடந்துவிடலாம். விரைவுச்சாலையும் பெருஞ்சாலைகளும் குறுக்கிடும் இடங்களில்தான் நடை தடைபடுகிறது.

காட்டுக்குள் இருக்கும் அந்த நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் நின்றால், ஆறு இயல்பாக எப்படி நடந்துகொள்ளும் என்பது புரிகிறது. மழை முதலில் இலைகளில் விழுகிறது. பிறகு மண்ணில் ஊறுகிறது. மிச்சம்தான் மெதுவாக ஓடையை நோக்கி வருகிறது. பெய்த மழை ஆற்றுக்கு வந்துசேர நேரம் பிடிக்கும். காட்டை வெட்டிச் சாலையும் வீடும் கார் நிறுத்துமிடமும் கட்டினால், அதே மழை சில நிமிடங்களில் மொத்தமாக ஆற்றுக்கு வந்துவிடும். மழையின் அளவு கூடாவிட்டாலும் வெள்ளம் கூடுவது இதனால்தான். ஒரு நகரம் வளரும்போது அதன் ஆற்றுக்கு நடப்பது இவ்வளவுதான்; மற்றவை எல்லாம் இதன் விளைவுகள்.

1978 டிசம்பர் 2ஆம் தேதி சிங்கப்பூர் அந்த விளைவைப் பார்த்தது. பாய லேபாரில் 24 மணி நேரத்தில் 512 மில்லிமீட்டர் மழை பதிவானது. ஏழு பேர் உயிரிழந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். தாழ்வான நிலத்தில் காய்கறித் தோட்டங்களும் கம்பத்து வீடுகளுமாக இருந்த பொத்தோங் பாசிர் அந்த வெள்ளத்தில் சிக்கிய இடங்களில் ஒன்று. அந்த அம்மாவின் மாடுகள் போனது அன்றுதான்.

கான்கிரீட் சொன்ன பதில்

‘தண்ணி எங்க போச்சு?’ என்ற கேள்விக்கு அந்தக் காலத்துப் பொறியாளர்களிடம் நேரான பதில் இருந்தது: சீக்கிரமாகக் கடலுக்கு. வளைந்து நெளிந்த ஓடைகளை நேராக்கினார்கள், ஆழப்படுத்தினார்கள், கான்கிரீட் பூசினார்கள். வழுவழுப்பான கான்கிரீட்டில் தண்ணீர் வேகமாக ஓடும். குறைந்த அகலத்திலேயே நிறைய தண்ணீரை அனுப்பிவிடலாம். மிச்ச நிலத்தில் வீடு கட்டலாம். நிலம் குறைவாகவும் வீட்டுக்குக் காத்திருப்போர் நிறையவும் இருந்த நாட்டுக்கு அது பொருந்திய பதில்.

பலனும் கிடைத்தது. 1970களில் இங்கே வெள்ள அபாயப் பகுதி என்று கணக்கிடப்பட்ட நிலம் ஏறத்தாழ 3,200 ஹெக்டர். இன்று அது 30 ஹெக்டருக்கும் கீழே வந்துவிட்டது. இத்தனைக்கும் இந்த இடைவெளியில் நகரம் பல மடங்கு வளர்ந்திருக்கிறது. ‘லோங்காங்’ என்று நாம் அலட்சியமாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகும் அந்தச் சாம்பல் நிறக் கால்வாய்கள் எத்தனையோ குடும்பங்களின் கட்டிலும் அலமாரியும் நனையாமல் காத்திருக்கின்றன. அவற்றைக் குறை சொல்லுமுன் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அந்தப் பதிலுக்கு ஓர் எல்லை உண்டு. அதைப் பார்க்க ஆர்ச்சர்ட் சாலைக்குப் போக வேண்டும். அங்கே ஆறு ஏது என்கிறீர்களா? தோபி காட் என்ற பெயரை நினைத்துப் பாருங்கள். இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அங்கே ஓடிய ஓடையில் துணி துவைத்ததால் வந்த பெயர் அது. இன்று அதே பெயரில் மூன்று ரயில் தடங்கள் சந்திக்கும் நிலையம் இருக்கிறது. ஓடை ஸ்டாம்ஃபர்ட் கால்வாயாகி, பெரும்பகுதி நடைபாதைகளுக்குக் கீழே மறைந்துவிட்டது. அதன்மேல் நடந்து போகிறவர்களில் பலருக்கு, காலுக்குக் கீழே தண்ணீர் ஓடுவது தெரியாது.

2010 ஜூனிலும் 2011 ஜூனிலும் அந்தத் தண்ணீர் கடைகளுக்குள் வந்து நின்றது. கால்வாயை அகலப்படுத்த இடமில்லை, இருபுறமும் கடைத்தொகுதிகள். ஆகவே சாலையின் ஒரு பகுதியைச் சுமார் 30 சென்டிமீட்டர் உயர்த்தினார்கள். தண்ணீரின் ஒரு பங்கைச் சிங்கப்பூர் ஆற்றுக்குத் திருப்ப 2 கிலோமீட்டர் நீளத்திற்குப் புதிய கால்வாய் கட்டினார்கள். 38,000 கன மீட்டர் மழைநீரைச் சற்று நேரம் பிடித்து வைக்க ஒரு நிலத்தடித் தொட்டியும் கட்டினார்கள். அது ஒலிம்பிக் நீச்சல் குளங்கள் 15 கொள்ளும் அளவு. ஒருகாலத்தில் ஓடைக்கு இருந்த இடத்தை, பிற்காலத்தில் நிலத்துக்கு அடியில் தோண்டித் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பீஷானில் ஆறு திரும்பி வந்தது

இதற்கு நேர்மாறான கதை பீஷானில் இருக்கிறது. பீஷான்-அங் மோ கியோ பூங்கா 1988ல் திறக்கப்பட்டது, இரண்டு குடியிருப்புப் பேட்டைகளுக்கு நடுவே ஒரு பச்சை வெளி வேண்டும் என்று. பூங்காவின் ஓரத்தில் காலாங் ஆறு 2.7 கிலோமீட்டருக்கு நேரான கான்கிரீட் கால்வாயாக ஓடியது. பிள்ளைகள் நெருங்கக்கூடாது என்று வேலியும் இருந்தது. ஒரு பக்கம் பூங்கா, ஒரு பக்கம் ஆறு, இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

பொதுப் பயனீட்டுக் கழகம் 2006ல் ‘துடிப்பான, அழகான, தூய்மையான நீர்நிலைகள்’ திட்டத்தைத் தொடங்கியது. கால்வாய் பழசாகி, பெருகிவரும் மழைநீருக்கு அதை விரிவாக்க வேண்டிய நேரமும் வந்தது. இன்னும் பெரிய கான்கிரீட் கால்வாய் கட்டியிருக்கலாம். அதற்குப் பதிலாக, தேசியப் பூங்காக் கழகத்துடன் சேர்ந்து கான்கிரீட்டை உடைத்தெடுத்தார்கள். ஆறு பூங்காவுக்குள் வளைந்து ஓட விடப்பட்டது. 2.7 கிலோமீட்டர் கால்வாய் 3.2 கிலோமீட்டர் ஆறாகியது. பணி 2012ல் முடிந்தது. செலவு சுமார் 76 மில்லியன் வெள்ளி.

கரை அரித்துப் போகாமல் இருக்க, செடிகளின் வேர்களையும் கற்களையும் இயற்கைப் பொருள்களையும் சேர்த்துப் பின்னினார்கள். வெப்பமண்டலத்தில் பழக்கமில்லாத முறை என்பதால், 2009ல் பூங்காவிலேயே 60 மீட்டர் நீளத்துக்கு ஒரு சோதனை வடிகால் அமைத்து முதலில் பரிசோதித்தார்கள். உடைத்த கான்கிரீட் பாளங்களைக்கூடத் தூக்கி எறியவில்லை. பூங்காவில் ஒரு சிறு குன்று இருக்கிறதே, அது அவற்றால் ஆனது.

இதில் எனக்கு ஆக முக்கியமாகத் தெரிந்தது அழகு அல்ல, அகலம். பழைய கால்வாய் அதிகபட்சம் 24 மீட்டர் அகலம். இப்போது சாதாரண நாளில் சிற்றாறாக ஓடும் தண்ணீர், கனமழையில் புல்வெளி மீது ஏறி ஏறத்தாழ 100 மீட்டர் அகலத்துக்குப் பரவும். நாம் சாவகாசமாகப் பந்து விளையாடும் புல்வெளி, மழை நேரத்தில் ஆற்றின் படுக்கை. அதனால் பழைய கால்வாயைவிடச் சுமார் 40 விழுக்காடு அதிகமான தண்ணீரை அது கொண்டுபோக முடிகிறது. நீர்மட்டம் ஏறினால் எச்சரிக்கை விளக்கும் ஒலியும் வரும். மக்கள் மேட்டுக்குப் போய்விட வேண்டும். ஆற்றுக்குத் தேவைப்படும்போது நாம் இடம்விட்டு நகர்ந்துகொள்வது என்று ஓர் உடன்பாடு.

மகள் கணுக்கால் தண்ணீரில் நின்று மீன்குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கேட்டாள்: “அப்பா, இந்த ஆத்த யாரு கட்டுனது?”

ஆற்றை யாரும் கட்டுவதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இந்த ஆற்றைக் கட்டித்தான் இருக்கிறார்கள். நீர்நாய்க் குடும்பம் ஒன்று இங்கே வந்து குடியேறி, ‘பீஷான் குடும்பம்’ என்று நாடு முழுக்கப் பெயர் வாங்கியதே, அதற்கும் யாரோ இடம் வரைந்து கொடுத்திருக்கிறார்கள். “நிறைய பேரும்மா” என்றேன்.

ஆறு சுத்தமானதன் விலை

பொத்தோங் பாசிரில் ஆறு மறுபடியும் கரைகட்டிய கால்வாயாகிறது. சாய்ந்த கூரை கொண்ட வீவக கட்டடங்கள், அருள்மிகு சிவதுர்க்கா ஆலயம், பள்ளிக்கூடம். மாட்டுக் கொட்டகைகள் இருந்ததற்கு ஒரு தடயமும் இல்லை. ‘பொத்தோங் பாசிர்’ என்றால் மலாயில் மணல் வெட்டுவது. மணல் அள்ளியதும், பிறகு காய்கறி விளைந்ததும் பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

அங்கிருந்து தெற்கே காலாங் வடிநிலம். காலாங், கேலாங், ரோச்சோர், வாம்போ, பெல்டன் எனப் பல நீர்வழிகள் வந்துசேரும் இடம். 1819ல் ராஃபிள்ஸ் வந்தபோதே, ‘ஓராங் காலாங்’ எனப்பட்ட கடலோடி மக்கள் இங்கே படகுகளில் வாழ்ந்தார்கள். சில ஆண்டுகளிலேயே அவர்கள் ஜொகூருக்கு அனுப்பப்பட்டார்கள். 1862ல் எரிவாயுத் தொழிற்சாலை வந்தது. 1937ல் சதுப்புநிலத்தை மேடாக்கி விமான நிலையம் வந்தது. ரோச்சோர் பக்கம் நம்மவர்களின் கதை. சிராங்கூன் சாலையில் தண்ணீரும் புல்லும் கிடைத்ததால்தான் மாட்டுத் தொழில் அங்கே வளர்ந்தது. அதை ஒட்டியே இந்தியர்களும் குடியேறினார்கள். பஃப்பலோ ரோடும், எருமைப் பட்டி என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவும் அதன் மிச்சம். தேக்காவில் நாம் மீன் வாங்கும் இடம் ஒருகாலத்தில் எருமைகள் நீர் குடித்த சதுப்புக்கு அருகில்தான்.

இத்தனை பேரின் கழிவும் ஆற்றில்தான் கலந்தது. 1977 பிப்ரவரி 27ஆம் தேதி, அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தைத் திறந்துவைத்தபோது, பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றையும் மீன்பிடிக்கக்கூடிய அளவுக்குச் சுத்தமாக்க வேண்டும் என்று பிரதமர் லீ குவான் இயூ இலக்கு வைத்தார். நான் நடையைத் தொடங்கிய நீர்த்தேக்கத்துக்குச் சற்று மேலே இருப்பது அது. 1987ல் இலக்கு நிறைவேறியது. அதற்காக இரண்டு ஆறுகளின் நீர்ப்பிடிப்பிலிருந்து சுமார் 26,000 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் மூடப்பட்டன. ஏறத்தாழ 5,000 தெருவோர வியாபாரிகள் உணவங்காடி நிலையங்களுக்குப் போனார்கள். சிங்கப்பூர் ஆற்றில் சரக்கு ஏற்றி இறக்கிய தொங்காங் படகுகள் 1983ல் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன.

பள்ளியில் இதை நான் ஒரு வெற்றிக் கதையாகப் படித்தேன். வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த 26,000 என்ற எண்ணுக்குள் மனிதர்கள் இருப்பது, மழை மாலையில் வந்த தொலைபேசி அழைப்பில்தான் எனக்கு உறைத்தது. நிகழ்ச்சி முடிந்ததும் அந்த அம்மாவைத் திரும்ப அழைத்துப் பேசியிருந்தேன். வெள்ளத்துக்குப் பிறகு அவர் குடும்பத்துக்கு அங் மோ கியோவில் வீடு கிடைத்ததாம். “எங்க மாட்டுச் சாணமும் அந்த ஆத்துலதான் தம்பி போச்சு. நாறுச்சுன்னு சொல்றாங்களே, பொய் இல்ல. வீடு கெடச்சது பெரிய நிம்மதி. மழை பெஞ்சா தூங்கலாம். ஆனா அப்பா அதுக்கப்புறம் வேலைக்கே போகல. மாடு இல்லாம அவருக்கு என்ன செய்றதுன்னு தெரியல” என்றார். நன்றியும் வருத்தமும் அவர் குரலில் ஒன்றாகத்தான் இருந்தன. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை மட்டும் சொன்னால் கதை முழுமையாகாது.

இன்று அது குடிநீர்

2008ல் மரினா கால்வாயின் குறுக்கே 350 மீட்டர் நீளத்துக்கு அணை கட்டி முடிக்கப்பட்டது. கடல்நீர் உள்ளே வருவது நின்றது. காலாங் ஆறு போய்ச்சேரும் இடம் இப்போது கடல் அல்ல, மரினா நீர்த்தேக்கம். அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி சுமார் 10,000 ஹெக்டர், அதாவது சிங்கப்பூர் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு. அங் மோ கியோவிலும் தோ பாயோவிலும் கூரையில் விழும் மழை, வடிகால் வழியாக ஓடி, சுத்திகரிக்கப்பட்டு நம் வீட்டுக் குழாய்க்கே வருகிறது. வடிகாலில் போடும் சிகரெட் துண்டு எங்கே போகிறது என்பதற்கும் இதுவே பதில்.

அணைக்கு இன்னொரு வேலையும் உண்டு. கடல் வற்றியிருக்கும் நேரத்தில் ஒன்பது மதகுகளைத் திறந்து உபரி மழைநீரைக் கடலுக்கு விடலாம். கடல் ஏற்றமாக இருக்கும்போது மழை கொட்டினால், ஏழு பெரிய பம்புகள்தான் தண்ணீரை இறைத்து வெளியேற்ற வேண்டும். இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் சிங்கப்பூரைச் சுற்றியுள்ள கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று அரசாங்க ஆய்வு கணித்திருக்கிறது. கடல் உயர உயர, மதகைத் திறக்கும் நேரம் குறையும். அப்போது மேலே உள்ள நிலம் மழையைச் சற்று நேரமாவது பிடித்து வைத்தால்தான் கீழே உள்ளவர்கள் தப்பிக்க முடியும்.

ஆகவே அந்த அம்மாவின் கேள்விக்கு என் பதில் இது. தண்ணீர் எங்கேயும் போகவில்லை. முன்பு பொத்தோங் பாசிர் வீடுகளுக்குள் நின்றது. பிறகு கால்வாயில் விரைந்தது. இப்போது பீஷான் புல்வெளியில் சற்றுத் தங்கி, மரினாவில் சேர்கிறது. எங்கே நிற்க வேண்டும் என்று நாம் இடம் ஒதுக்காவிட்டால், அது தானே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? காலாங் ஆற்றிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் சுமார் 800,000 பேர் வாழ்கிறார்கள் என்று நகர மறுசீரமைப்பு ஆணையம் 2017ல் சொன்னது. அடுத்த 20 ஆண்டுகளில் இன்னும் 100,000 வீடுகள் வரும் என்றும் சொன்னது. கரையோரப் பாதைகளைத் தொடர்ச்சியாக இணைக்கும் யோசனைகளையும் முன்வைத்தது. வீட்டுக்குக் காத்திருக்கும் இளம் தம்பதிகளில் என் நண்பர்களும் உண்டு. வீடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒவ்வொரு புதுக் கட்டடமும் கொஞ்சம் மண்ணை மூடுகிறது. 0.2 ஹெக்டர் அல்லது அதற்கும் பெரிய புதிய கட்டுமானங்கள், தங்கள் வளாகத்தில் விழும் மழையை உடனே வெளியேற்றாமல் கட்டுப்படுத்த வேண்டும் என்ற விதி 2014லிருந்து இருக்கிறது. நீங்கள் இருக்கும் கூட்டுரிமை வீட்டின் அடியில் மழைநீர்த் தொட்டி இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். உங்கள் பேட்டையைப் பற்றிக் கருத்துக் கேட்கும் கூட்டங்களுக்கும் கண்காட்சிகளுக்கும் போகும்போது, கார் நிறுத்துமிடம் எத்தனை என்பதோடு, மழைக்கு எவ்வளவு இடம் என்றும் கேளுங்கள். புல்வெளி சும்மா கிடக்கிறது என்று யாராவது சொன்னால், அது மழைக்காகக் காத்திருக்கிறது என்று சொல்லுங்கள்.

குடும்பத்தோடு ஒருநாள் ஆற்றோரம் நடந்தும் பாருங்கள். காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் பீஷானைத் தாண்டிவிடலாம். பிள்ளைகளுக்குக் கால் வலித்தால் பொத்தோங் பாசிரில் ரயில் ஏறிவிடலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். மிச்ச ஆற்றை மறுவாரம் நடந்தேன், தனியாக.

போன வாரமும் மழை. பாட்டைக் குறைத்துவிட்டுப் பட்டியலை வாசித்தேன். பொத்தோங் பாசிர் அதில் இல்லை. அந்த அம்மா கேட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். வாசித்து முடித்ததும் பழைய பாட்டு ஒன்றைப் போட்டேன், கொஞ்சம் நீளமான பாட்டு.